அப்பாவை ஏமாற்றும் காதலர்கள்: பாலையாவுக்கு முன்னால் நம்பிராஜன்

கேள்வி இதுதான். காதலுக்குக் குறுக்கே நிற்கிற அப்பாவை, பையனும் பெண்ணும் கூட்டுச் சேர்ந்து வேஷம் போட்டு முட்டாளாக்குகிற கதை நம்மிடம் 'காதலிக்க நேரமில்லை'யில்தான் ஆரம்பித்ததா, இல்லை வெளிநாட்டுச் சரக்கா? கூடவே ஒரு துணைக் கேள்வியும் வந்தது: அவ்வளவு முறைத்துக்கொண்டு நின்ற அப்பா குட்டு உடைந்ததும் ஐந்து நிமிஷத்தில் எப்படிச் சமாதானம் ஆகிறார்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். அந்தப் படத்தில் ஆரம்பிக்கவில்லை, வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நம் ஊரிலேயே தாராளமாக இருந்தது. ஆனால் படத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் வசதி, ஏனென்றால் இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதை அதைவிடச் சுத்தமாகக் காட்டிய தமிழ்க்கதை எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை.

1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம். விஸ்வநாதன் என்ற எஸ்டேட் முதலாளியாக டி.எஸ். பாலையா. அவரிடம் வேலை பார்த்து விரட்டப்பட்ட அசோக், அவர் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து வேலை கேட்டு ரகளை செய்கிறான், அதற்குள் முதலாளியின் ஒரு மகளோடு காதலும் ஆகிவிடுகிறது. அப்புறம் தான் ஒரு கோடீஸ்வரரின் பிள்ளை என்று அளந்துவிட்டு, அந்தக் கோடீஸ்வர அப்பாவாக நடிக்க நண்பன் வாசுவைக் கூப்பிடுகிறான். வாசு கிழ வேஷத்தில் வந்து பார்த்தால், அதே வீட்டின் இன்னொரு மகள்தான் அவனுடைய காதலி. கதை அவ்வளவுதான். சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வாசுவாக வருகிற முத்துராமனின் ஒட்டுத் தாடியில் ஒன்றுமில்லை, ஒட்டுத் தாடி எல்லா நாடகத்திலும் இருக்கிறது. பணக்கார சம்பந்தி கிடைக்கப்போகிறான் என்று தெரிந்த அந்த நொடியில் பாலையாவின் முதுகு வளைகிறதே, அங்கே இருக்கிறது. நேற்று வரை பொறுக்கியாகத் தெரிந்த பையன் இன்றைக்கு மாப்பிள்ளையாகத் தெரிகிறான். பையன் மாறவில்லை, பையனின் அப்பா பெயருக்குப் பின்னால் ஒரு தொகை வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதுதான் என் கட்சி, கடைசி வரை இதைத்தான் சொல்லப்போகிறேன்: இந்த மாதிரிக் கதைகளில் காதலர்கள் சும்மா கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அப்பாவை விழவைப்பது அப்பாவின் சொந்த ஆசை. பணத்தாசை இல்லாத விஸ்வநாதனிடம் கோடீஸ்வர வேஷம் ஐந்து பைசாவுக்குப் பிரயோஜனப்படாது. 1981-இல் வந்த 'தில்லு முல்லு'வில் தேங்காய் சீனிவாசனின் பலவீனம் பணமல்ல, மீசை. மீசை வைத்தவன் யோக்கியன் என்று ஒரு பித்து. ஆகவே அங்கே பொய்யும் மீசையில்தான் தொங்குகிறது. ஆளைப் பார்த்துத்தான் பொறி வைக்க வேண்டும்.

சரி, பழங்காலத்துக்குப் போவோம். சங்க இலக்கியத்தில் காதலர்கள் வீட்டை ஏமாற்றாத நாளே கிடையாது. கல்யாணத்துக்கு முந்திய ரகசியக் காதல் கட்டத்துக்குப் பெயரே களவு. ஆனால் ஒரு வித்தியாசம், அங்கே ஏமாறுவது பெரும்பாலும் அம்மா. மகள் இளைத்துப்போகிறாள், சோறு இறங்கவில்லை, தோள் மெலிகிறது. முருகன் அணங்கியிருக்கிறான், அதாவது பிடித்து வருத்துகிறான் என்று முடிவு கட்டி, வேலன் என்ற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு, ஆட்டுக்குட்டியை அறுத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள் தாய். நோய் எதனால் வந்தது என்று பெண்ணுக்குத் தெரியும், தோழிக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். தோழிக்கு மட்டும் வாய் அரிக்கும். குறுந்தொகை 362-ஆம் பாட்டில் வேலனைப் பார்த்து அவள் கேட்கிறாள்: பல நிறச் சோறும் வைத்து, ஆட்டையும் கொன்று, இவள் நெற்றியையும் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளுக்கு இந்த நோயைத் தந்த மலைநாட்டுக்காரனுடைய மாலை போட்ட மார்பும் இந்தப் பலியைச் சாப்பிடுமா? நற்றிணை 34 இன்னும் ஒரு படி மேலே. அங்கே தோழி வேலனை விட்டுவிட்டு நேரே முருகனையே பிடிக்கிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும், வேலன் கூப்பிட்டான் என்று கண்ணி சூடி வந்து நிற்கிறாயே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே" என்கிறாள். நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் நீ அறியாதவன்தான், நல்லா இரு. எனக்கு இந்த 'வாழிய' ரொம்பப் பிடிக்கும், அடித்துவிட்டுத் தலையைத் தடவுகிற மாதிரி.

அப்பா எங்கே என்று கேட்பீர்கள். தொல்காப்பியம் அவரை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: "தந்தையும் தன்னையும் முன்னத்தின் உணர்ப." அப்பாவும் அண்ணன்மாரும் குறிப்பால் தெரிந்துகொள்வார்கள். யாரும் அவர்களிடம் உட்கார்ந்து விளக்குவதில்லை. சேதி போகிற வழியும் வரிசைப்படிதான், பெண் தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயிடம், தாய் அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயர். அதாவது அப்பா காதில் விழுவதற்குள் கதை நான்கு வாயில் அரைபட்டு, அவர் விழுங்குகிற பதத்துக்கு வந்திருக்கும். எப்படி எப்படிச் சொல்லலாம் என்று தொல்காப்பியம் ஏழு வகை கொடுக்கிறது, அதில் ஒன்று ஏதீடு. ஒரு காரணத்தை இடையில் வைத்துச் சொல்வது. ஆற்றில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனபோது அவன்தான் குதித்துத் தூக்கினான், மத யானை துரத்தியபோது அவன்தான் காப்பாற்றினான், இந்த மாதிரி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்கவே தோழி செவிலிக்குக் கொடுக்கிற இப்படிப்பட்ட ஒரு வாக்குமூலம்தான், 261 அடி. அதில் சூழ்ந்துகொள்ளும் வேட்டை நாய் வருகிறது, யானை வருகிறது, நடுவில் 99 பூக்களின் பெயர் வருகிறது. அவ்வளவும் நடந்ததா, தோழி கொஞ்சம் கூட்டிச் சொன்னாளா என்பது அவளுக்கே வெளிச்சம். எப்படியிருந்தாலும் கேட்கிறவரின் பலவீனம் எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மானத்தை உயிராக நினைக்கிற வீட்டில், 'அவன் தொட்டுவிட்டான்' என்று சொன்னால் கத்தி வரும், 'தொட்டதனால்தான் உயிரோடு இருக்கிறாள்' என்று சொன்னால் கல்யாணம் வரும்.

அந்தக் கத்திக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள நேரத்தைக் கலித்தொகை 39-ஆம் பாட்டு அளந்தே சொல்கிறது. வெள்ளக் கதை அண்ணன்மாருக்குப் போகிறது. அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறது, ஒரு பகல் முழுக்கக் கொதித்துவிட்டு, அப்புறம் ஆறி, இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லையே என்று தடுமாறித் தலையைத் தொங்கப்போடுகிறார்கள். ஒரு பகல். உங்கள் துணைக் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. சினிமாவில் ரீல் போதாமல் ஐந்து நிமிஷம் ஆக்கிவிடுகிறார்கள்.

வேஷம் போட்டு அப்பாவையே நேருக்கு நேர் ஏமாற்றுவது என்றால் நம்மிடம் அதற்கு ஒரே ராஜா, முருகன். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் கடைசியில் வருகிற வள்ளி கல்யாணத்தைக் கொஞ்ச நேரம் பக்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், அச்சு அசல் கேலிக்கூத்து. தினைப்புனத்தில் வேடன் வேஷத்தில் வந்து வள்ளியிடம் வம்பளந்துகொண்டிருக்கிறான். அவள் அப்பா நம்பிராஜன் பரிவாரத்தோடு வருகிற சத்தம் கேட்டதும் அப்படியே வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். இத்தனை நாள் இல்லாத மரம் இங்கே எப்படி வந்தது, வெட்டிவிடலாம் என்கிறார்கள் கூட வந்த வேடர்கள். அப்பா மகளைக் கேட்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது, மாயம் மாதிரி வந்து நிற்கிறது, பயமாக இருக்கிறது என்கிறாள் அவள். பயப்படாதே அம்மா, உனக்குத் துணையாகத்தான் வந்து நிற்கிறது என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார் நம்பிராஜன். மாப்பிள்ளைக்கு மாமனாரே கொடுத்த முதல் அனுமதி அது!

இரண்டாவது தடவை வரும்போது முருகன் தள்ளாத கிழவன், சைவப் பெரியவர். நம்பிராஜனுக்கு விபூதி கொடுக்கிறான். சாமி எங்கே இவ்வளவு தூரம் என்று இவர் கேட்க, மூப்பும் மயக்கமும் தீர உங்கள் மலையில் குமரி ஆட வந்தேன் என்று பதில் வருகிறது. குமரி என்றால் புண்ணியத் தீர்த்தம், குமரி என்றால் கன்னிப்பெண். ஒரு சொல் பொய் இல்லை. பக்திமானுக்குத் தீர்த்தம் மட்டும்தான் காதில் விழுகிறது, தாராளமாக ஆடுங்கள், என் மகளும் தனியாகத்தான் இருக்கிறாள், அவளுக்கு நீங்கள் துணையாக இருங்கள் என்று அனுப்பியே வைக்கிறார். பாலையாவுக்குப் பணம் எப்படியோ நம்பிராஜனுக்கு விபூதி அப்படி. நான் சின்ன வயதில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருக்கிறேன், சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் நடத்துகிற நாடகம்தான். அதில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிறபோது பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், கிழவன் வந்தால்தான் எங்களை மாதிரிப் பொடிசுகளுக்குத் தூக்கம் கலையும். கிழவனுக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டு, கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்துப் பெண்ணைப் பயமுறுத்துகிற கட்டம் வரைக்கும் யாரும் அசைய மாட்டோம். கவனித்தீர்களா, தோழி ஏதீட்டில் சொன்ன அதே யானை.

இனி வெளிநாடு. அங்கேயும் இது கி.மு. சமாச்சாரம். ரோமாபுரியில் பிளாட்டஸ் எழுதிய ஒரு நாடகத்தில், அப்பா வெளியூரிலிருந்து திடீரென்று திரும்பி வருகிறார், உள்ளே பையன் காதலியோடு கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டு அடிமை வாசலிலேயே அப்பாவை மறித்து, உள்ளே போகாதீர்கள், வீட்டில் பேய் என்கிறான். அதுவாவது பயத்தில் வேலை செய்த பொய். அடுத்து கடன்காரன் வந்து நிற்கிறான், பையன் அந்தப் பெண்ணுக்காக வாங்கிய கடன். அடிமை கண்ணை மூடித் திறப்பதற்குள், பையன் ஒரு வீடு வாங்கியிருக்கிறான், அதற்கான கடன் என்கிறான். அப்பா குளிர்ந்துபோகிறார், பிள்ளை சொத்துச் சேர்த்திருக்கிறானே! சொத்தாசைதான் இங்கே பொறி. நம்மூர்த் தோழி செய்கிற வேலையைத்தான் அங்கே அடிமை செய்கிறான், இரண்டு பேரும் வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டை ஏமாற்றத் தெரிந்தவர்கள். காதலர்களுக்கு எந்த ஊரிலும் அவ்வளவு மூளை கிடையாது, பெருமூச்சு விடத்தான் தெரியும்.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியத் தெருக் கூத்துக்காரர்கள் இந்த அப்பாவுக்குப் பாண்டலோனே என்று பெயர் வைத்து, வெனிஸ் வியாபாரியாக, கஞ்சனாக, வளைந்த மூக்கு முகமூடியோடு மேடையேற்றினார்கள். காதலர்களுக்கு அங்கே முகமூடி கிடையாது. அப்பாவுக்கு உண்டு, வேலைக்காரர்களுக்கு உண்டு. காதலர்கள் வேஷம் போட்டு ஏமாற்றுகிற கதையில் நிரந்தரமாக வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறவர் அப்பாதான் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

பிரான்ஸில் மோலியேர் இதை ஓர் அறிவியல் மாதிரியே செய்தார். 1670-இல் எழுதிய நாடகத்தில், பிரபுவாக வேண்டும் என்று தவியாய்த் தவிக்கிற வியாபாரி அப்பாவிடம், காதலன் துருக்கிச் சுல்தானின் மகனாக வேஷம் போட்டு வருகிறான், வாயில் வந்ததையெல்லாம் துருக்கி மொழி என்று உளறுகிறான், மாமனாருக்கு ஒரு போலிப் பட்டமும் கட்டிவிடுகிறார்கள். பாலையாவின் நேர்ப் பாட்டன் இவர். ஆனால் என்னைக் கேட்டால் 1665-இல் ஐந்தே நாளில் எழுதி ஒத்திகை பார்த்து அரங்கேற்றிய சின்ன நாடகம்தான் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெண் சோர்ந்து படுத்துவிடுகிறாள். அப்பா வைத்தியர்களை வரவழைக்கிறார், அவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். அப்புறம் காதலனே வைத்தியர் வேஷத்தில் வந்து, பெண்ணின் நாடியைப் பிடிக்காமல் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, உங்கள் மகளுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்கிறான். இவளுக்குக் கல்யாணப் பைத்தியம், கல்யாணம் நடப்பது போல நடித்தால் தெளிந்துவிடும் என்று சொல்லி ஓர் ஆளையும் கூட்டி வருகிறான். அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். வந்தவன் நிஜமான பதிவாளன், எழுதியது நிஜமான கல்யாணப் பத்திரம். நம்முடைய வெறியாட்டு ஞாபகத்துக்கு வருகிறதா? பெண்ணுக்கு வந்தது காதல், வீட்டார் பார்ப்பது நோய், மருந்து கொடுக்க வருகிறவனே நோய் கொடுத்தவன். மோலியேர் குறுந்தொகையைப் படித்திருக்க வழியே இல்லை. மகள் ஏன் இளைத்தாள் என்று அவளையே கேட்க மனசு வராத அப்பா அம்மா இருக்கிற எல்லா ஊரிலும் இந்த நகைச்சுவை தானாக முளைக்கும், விதை கொண்டுவர வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதைகளில் எல்லாம் பையனோ பெண்ணோ கடைசியில் பொருத்தமான இடமாகத்தான் அமைவார்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் அசோக் ஏழை, சரி, ஆனால் வாசு நிஜமாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை. வள்ளியும் வேடர் வீட்டில் வளர்ந்தாள், ஆனால் முற்பிறப்பில் திருமாலின் மகள் என்று புராணம் முன்கூட்டியே ஜாதகத்தைச் சரிசெய்து வைத்திருக்கிறது. ரோம நாடகங்களிலும் அடிமைப் பெண் என்று நினைத்தவள் நல்ல குடும்பத்தில் காணாமல் போன குழந்தை என்று முடிவில் தெரியவரும். அப்பாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அனுமதி உண்டு, அவர் வைத்திருக்கிற அளவுகோலைப் பார்த்து அல்ல.

அளவுகோலே சாதியாக இருந்தால் வேஷம் உதவாது. காத்தவராயன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணுக்காக வேஷம் மாற்றி மாற்றிப் போகிறவன்தான், வளையல் செட்டியாகக்கூடப் போவான். வேலையெல்லாம் அதே வேலை, அதே சாமர்த்தியம். முடிவில் கிடைப்பது கழுமரம். பணத்தாசை பிடித்த அப்பாவுக்குப் பணத்தைக் காட்டலாம், பட்டத்தாசை பிடித்தவருக்குப் பட்டம் கட்டலாம். பிறப்பைக் கேட்கிற அப்பாவுக்கு எந்த வேஷத்தைக் காட்டுவது? அந்த இடத்தில் கதைக்காரன் சிரிப்பை நிறுத்திவிடுகிறான். படம் பார்த்துவிட்டு நாமும் இப்படிச் செய்யலாமே என்று நினைக்கிறவர்கள், வீட்டில் இருப்பது எந்த வகை அப்பா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

தலைகீழாக ஒரு கதையும் இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கத்து முத்துப்பட்டன் கதை. பட்டன் பிராமணன், காதலித்தது சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரை. அங்கே முறைக்கிற அப்பா வாலப்பகடை. பெரிய சாதிக்காரன் நம் பெண்களை வைத்து விளையாடுகிறான் என்ற பயம் அவருக்கு, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறார். பட்டன் அதைச் செய்துவிட்டே வந்து நிற்கிறான். எனக்குத் தெரிந்து எந்தக் காதலனாலும் ஏமாற்ற முடியாத ஒரே அப்பா இந்த வாலப்பகடைதான், ஏனென்றால் அவருக்குப் பையனிடமிருந்து எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. பட்டம் வேண்டாம், சொத்து வேண்டாம். ஆசை இல்லாத இடத்தில் எதைக் காட்டிப் பொறி வைப்பது?

இப்போது துணைக் கேள்வியின் மீதிப் பாதி. அப்பா ஏன் சமாதானம் ஆகிறார்? பாதிக் காரணம் வெட்கம். ஏமாந்தது எப்படி என்று விசாரணை வைத்தால் முதலில் வெளியே வருவது அவருடைய பல்லிளிப்புதான். கோடீஸ்வரன் என்று நம்பித்தானே காலில் விழாத குறையாக உபசரித்தீர்கள் என்று எஸ்டேட் வேலைக்காரன்கூடக் கேட்பான். கலித்தொகை அண்ணன்மார் தலையைத் தொங்கப்போட்டதும் ஏறக்குறைய இதே மாதிரிதான், கோபப்பட நியாயம் கிடைக்கவில்லை.

மற்றப் பாதியை நம்பிராஜனிடம் பார்க்கலாம். அவருக்கு ஐந்து நிமிஷத்தில் ஆறவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தோழி துணையோடு வள்ளி கிளம்பிப் போனது தெரிந்ததும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு துரத்திப் போய் அம்பு விடுகிறார். முருகனின் சேவல் ஒரு கூவல் கூவ, அத்தனை பேரும் செத்து விழுகிறார்கள். பெற்றவரையும் சுற்றத்தையும் கொன்றுபோட்டுவிட்டுப் பெண்ணைக் கூட்டிப் போவது அழகா என்று நாரதர் வந்து கேட்க, முருகன் சொல்லி வள்ளியே அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர் எதிரில் நிற்பது யார் என்று அடையாளம் கண்டுகொள்கிறார். அப்போதும் தன்னை மரமாக நின்று ஏமாற்றியதையோ, கிழவனாக வந்து குமரி ஆடியதையோ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காவலாக இருக்க வேண்டிய நீயே வந்து திருடிக்கொண்டு போகலாமா என்று நொந்துகொள்கிறார், அப்புறம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: எங்கள் ஊருக்கு வா, நாலு பேர் பார்க்கக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கூட்டிப் போ. கேட்டால் கொடுத்திருப்பேனே என்கிற தொனி அதில் இருக்கிறது. கிழவன் வேஷத்தில் வந்தபோதே மகளுக்குத் துணையாக இருக்கச் சொன்ன மனுஷன், கொடுத்திருப்பார்தான்.